சங்கரன்கோயிலுக்கு முன்னால் நான்கு எழுத்து

எஸ், என், கே, எல். நான்கே எழுத்து. சங்கரன்கோயிலுக்கு ரயில்வேக்காரன் வைத்திருக்கிற குறி. இந்த நான்கும் உள்ளே இருக்க வேண்டும், முன்பின்னாக இருந்தாலும் சரி, நீளமான இங்கிலீஷ் வார்த்தையாக இருக்க வேண்டும். ஊர்ப் பலகை கண்ணில் படுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். பலகை எங்கே படுகிறது. வண்டிதான் நிற்கிறதே. ராஜபாளையத்திலிருந்து ஓடு ஓடென்று ஓடிவந்து, ஊர் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் சிக்னல் இல்லாமல் நிற்கிறது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒருத்தன் வருகிறான், அவன் வந்து ஒதுங்கினால்தான் நமக்கு வழி. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது எத்தனை வண்டியை இப்படி வெளியே நிறுத்திப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கிறவன் என்ன பாடு படுவான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்தால் வேலை நடக்காது. சரி. எஸ், என், கே, எல். எதிர் சீட்டில் ஜன்னலோரம் உலகம்மை. கண்ணை மூடியிருக்கிறாள். யோசிக்கிறாள். என் பெண்டாட்டி யோசிக்கும்போது கண்ணை மூடுவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கிறது. வலது கை மடியில் மல்லாந்து கிடக்கிறது. மல்லாந்து. யோசிக்கிறவள் கை மல்லாந்தா கிடக்கும். விரலால் முழங்காலில் எழுதி எழுதிப் பார்ப்பாளே. சும்மா இரு. வேலையைப் பார். ஸ்லாக்னெஸ். எஸ், எல், ஏ, சி, கே, என். இருக்கிறது, நான்கும் இருக்கிறது. ஒன்பது எழுத்து. ஒன்பதை வைத்துக்கொண்டு இவளிடம் ஒன்றும் கிழிக்க முடியாது. பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, மனுஷ வாடையில்லாத ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். பார்சல் ரசீதில் ஊர்க் குறியைப் பார்த்து அவள் ஆரம்பித்ததுதான் இந்த ஆட்டம். முன்னொரு பயணத்தில் சிவகாசி வந்தது, அதற்கு எஸ், வி, கே, எஸ். அதில் எவனால் வார்த்தை கண்டுபிடிக்க முடியும். டாக்கடிவ்னெஸ் என்றாள். பதின்மூன்று எழுத்து. வாயாடித்தனம். சொல்லிவிட்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் அந்த வார்த்தை, உங்ககிட்ட இல்லாத சாமான்லா" என்று சிரித்தாள். அந்த வார்த்தை இதற்கும் பொருந்தும். எல், கே, என், எஸ், எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தரம் சொன்னதை மறுதரம் சொல்லக் கூடாது. சட்டம்.

சட்டம் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது. பலகை தெரிகிறவரைக்கும் வாயை மூடியிருக்க வேண்டும். முதலில் வாயைத் திறந்தவர் தோற்றார். மூன்றாம் மனிதரிடம் பேசலாம், அது கணக்கில்லை. தோற்றவர் டிபன் டப்பாவைத் திறந்து பரிமாற வேண்டும், ஜெயித்தவர் முதலில் சாப்பிடலாம். டப்பா மேலே பையில் இருக்கிறது. இட்லி, மிளகாய்ப்பொடி. இன்னும் திறக்கவில்லை. அதுதான். அதைத்தான் இவ்வளவு நேரமும் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவள் காலையில் ஊசி போட்டுக்கொண்டாள். இன்சுலின். போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். வண்டி வந்துவிடும், வண்டியில் சாப்பிட்டுக்கலாம் என்று கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியே தாமதமாக வந்தது. ஏறி உட்கார்ந்ததும் பையில் கை வைத்தாள். "ஏளா, இரு, ஆட்டம் முடியட்டும்" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யார் சொன்னது. "ராஜபாளையம் வரட்டும், ஒரே ஒரு ஊரு." கையை எடுத்துக்கொண்டாள். ராஜபாளையத்துக்கு ஆர், ஜே, பி, எம். பலகை தெரிந்தது. நான் ப்ரிஜட்ஜ்மென்ட் என்றேன், பதினொன்று. விசாரிக்காமலே முடிவு கட்டுவது. அவள் ஜம்பர் என்றாள். ஜம்பர். ஆறு எழுத்து. ஜாக்கெட்டைச் சொல்கிறாள். ஆறு எழுத்தில் இவள் என்றைக்கு நின்றாள். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. ஏன் ஆறு என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்தவன் கேட்பானா. "என்னளா, அகராதி கரையான் அரிச்சிட்டா" என்றேன். பரிமாற எழுந்தவளை, "உக்காரு, இன்னும் ஒண்ணு, சங்கரன்கோயில், ரெண்டும் சேத்து எனக்கே பரிமாறு" என்றேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளா, விழுந்தாளா. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மரச் சீட்டு. எல்லோரும் உட்கார்ந்தால் சத்தம் வரும்.

தாங்க்லெஸ்னெஸ். அடி சக்கை. டி, எச், ஏ, என், கே, எல், ஈ, எஸ், எஸ். அப்புறம் என், ஈ, எஸ், எஸ். பதின்மூன்று. நன்றிகெட்டதனம். நான்கு எழுத்தும் வரிசை மாறி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சிவகாசியில் அவள் அடித்த அதே பதின்மூன்று. போன தீபாவளிக்கு முன்னாலிருந்து இவள்தான் ஜெயிக்கிறாள். இன்றைக்கு ரெண்டாவது தரமும் நான். பலகை மட்டும் தெரியட்டும். இந்தச் சனியன் பிடித்த வண்டி நகரட்டும். பக்கத்தில் இருக்கிற ஆள், கழுகுமலை, தவசிமுத்து என்று கேட்காமலே பேரைச் சொன்னவர், ரைஸ் மில்லுக்கு பெல்ட் விற்கிறாராம், இரண்டு ஊராகப் பேசிக்கொண்டு வருகிறவர், இப்போது என் முழங்காலைத் தட்டுகிறார். "அம்மா தூங்குதாங்களோ?" "தூங்கலை. யோசிக்கா." "என்னத்த?" "இங்கிலீஷ் வார்த்தை." "ஓ" என்று இழுத்து, "நம்ம வீட்ல ஒருத்தி இருக்கா, யோசிக்கவே மாட்டா, நேரா அடிதான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நெற்றியைப் பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது. காற்றாலை பக்கமிருந்து காற்று வருகிறது, நல்ல காற்று. அந்தப் பக்கத்தில் ஒரு பொம்பளை சேலையை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். யாருக்கும் வேர்க்கவில்லை. உலகம்மைக்கு மேலுதட்டில் முத்து முத்தாக. கழுத்தில் சங்கிலி ஒட்டிக் கிடக்கிறது. அவளுக்கு எப்போதும் வேர்க்கும். எப்போதுமா. அடுப்படியில் வேர்க்கும். ரயிலில் காற்றுக்கு முன்னால் உட்கார்ந்து வேர்த்துப் பார்த்திருக்கிறேனா. தெரியவில்லை. நான் எங்கே பார்த்தேன். நாற்பது வருஷம் சிக்னலைப் பார்த்தேன்.

இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். சிவப்பு. அசையாத சிவப்பு. கருவேல மரத்துக்கு மேலே ஒரு புள்ளி. எதிரே ஹாரன் சத்தம் இல்லை. எதிர் வண்டி அடுத்த ஸ்டேஷனையே இன்னும் விடவில்லை போல. அப்படியென்றால் கால் மணி, இருபது நிமிஷம். இருபது நிமிஷமா. கூப்பிடு. கூப்பிட்டு விடேன். கூப்பிட்டால் நான் தோற்றேன். தோற்றால் என்ன. என்னவா. கண்ணைத் திறந்து அந்தச் சிரிப்பு சிரிப்பாள். இவளுக்கு இது புதுசில்லை. போன தரம் மானாமதுரை போகும்போது, ஆட்டத்துக்கு நடுவில், "ஐயோ தேளு!" என்று காலைத் தூக்கினாள். நான் துள்ளி எழுந்து "எங்களா, எங்க" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. "தோத்தாச்சு, நான் தேள்கிட்டல்லா பேசுனேன், டப்பாவைத் திறங்க" என்றாள். தேளும் இல்லை, பூரானும் இல்லை. அந்தக் கைவரிசை இவளுக்கு உண்டு. ராஜபாளையம் தாண்டி இன்றைக்கும் ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து, "குடையை எடுத்துக்கிட்டீங்களா" என்றாள். வெயில் பிளக்கிறது, குடையாம். வீட்டில் குடையே கிடையாது, உடைந்து தூக்கிப் போட்டாயிற்று. பார், பேச வைக்கப் பார்க்கிறாள், முதல் ஆளாக நீயே வாயைத் திறந்து தோற்றுப் போனாய் என்று சொல்லப் போனேன். அதைச் சொன்னால், உங்ககிட்டயா கேட்டேன் என்று புரட்டி, முதலில் பேசினவன் நான் என்று ஆக்கிவிடுவாள். பேசாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். ஜெயித்த தலை. அவள் என்னையே பார்த்தாள். "ஒரு மாதிரியா வருது" என்றாள். இது இரண்டாவது கண்ணி என்று நினைத்தேன். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அப்புறம்தான் கண்ணை மூடினாள். இப்போது நினைத்தால், தோற்க வேண்டாம் என்று நினைக்கிறவள் அடுத்தடுத்து இரண்டு தரம் வாயைத் திறப்பாளா. தேள் என்று கத்தினபோது அவள் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது. குடை என்று கேட்டபோது அது இருந்ததா. கேட்டது என்னிடம்தானா. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி என் தோளுக்கு மேலே அல்லவா பார்த்தாள்.

டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தது. காது கேட்கத்தான் செய்தது. "சார், இங்க பாருங்க. வேர்வை. உளறல். காரணமில்லாத கோபம், இல்ல மந்தம். எது வந்தாலும் யோசிக்காதீங்க, முதல்ல சீனி, அப்புறம்தான் போன், ஆஸ்பத்திரி எல்லாம்." உலகம்மை, "அவுகளுக்கு நான் உளறுனா வித்தியாசம் தெரியாதும்மா" என்றாள். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வேர்வை. உளறல். மந்தம். மூன்றும். இல்லை, மூன்றுக்கும் மூன்று பதில் இருக்கிறது. வேர்வைக்கு வெயில். உளறலுக்கு ஆட்டம். மந்தத்துக்கு யோசனை. ஆமாம், யோசிக்கிறாள், பெரிய வார்த்தையாகப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிக்கிறாள். என் பதின்மூன்றைத் தூக்கிச் சாப்பிடுகிற வார்த்தை. என்னவாக இருக்கும். கே, என் பக்கத்தில் பக்கத்தில் வருகிற வார்த்தை. நாலெட்ஜ். அதில் எஸ் இல்லை. அதற்கு முன்னால் ஏ, சி. அக்நாலெட்ஜ். பின்னால் மென்ட். அக்நாலெட்ஜ்மென்ட்ஸ். எஸ் வந்துவிட்டது. ஏ, சி, கே, என், ஓ, டபிள்யூ, எல், ஈ, டி, ஜி, ஈ, எம், ஈ, என், டி, எஸ். பதினாறு. பதினாறு! கிடைத்தது, கிடைத்தது என்கிற தகவல். ஒருத்தன் அனுப்பினதை இன்னொருத்தன் வாங்கிக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்வது. நாற்பது வருஷமும் அதைத்தான் செய்தேன். வண்டி வருகிறது, சரி. வண்டி போனது, சரி. பதில் வராமல் ஒரு வண்டியை விட்டதில்லை. பதினாறு எழுத்து, உலகம்மை, உன் பி.ஏ. இன்றைக்கு என் காலில். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், எவ்வளவு பெரிய வார்த்தை வைத்திருக்கிறேன் தெரியுமா என்று முகத்தாலேயே காட்டுவதற்கு.

வெயில் அவள் முகத்தில் விழுந்திருக்கிறது. வண்டி நின்று நின்று, மரத்து நிழல் விலகிப்போய், நேராக இமை மேல் விழுகிறது. வெயில் கோடு போல் பட்டாலே முந்தானையை இழுத்து மறைத்துக்கொள்கிறவள். தலைவலி வரும் அவளுக்கு. இப்போது முகத்தைத் திருப்பவில்லை. இமை சுருங்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்து, ஓரத்தில் எச்சில் மினுங்குகிறது. யோசிக்கவில்லை. இவள் யோசிக்கவில்லை. எப்போதிலிருந்து யோசிக்கவில்லை. நான் ஒன்பதில் இருந்தபோதா, பதின்மூன்றிலா. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கூப்பிடு. முட்டாள், இப்போதுமா தோற்பது ஜெயிப்பது, கூப்பிடு. பயம் அதுவா. அது இல்லை. கூப்பிட்டு அவள் திரும்பாவிட்டால். கூப்பிடாதவரைக்கும் அவள் யோசிக்கிறாள். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், அப்புறம் அந்த இடத்திலிருந்து நான் எங்கே போவேன். "ஏளா." என் குரல்தானா. "ஏளா, உலகு." தவசிமுத்து திரும்பினார். போர்த்தியிருந்த பொம்பளை திரும்பினாள். திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஜாக்கெட் நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது, உள்ளே சதை ஜில்லென்று. இமை பாதி திறந்தது. கருவிழி என் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. "ம்" என்றாள். அது வார்த்தை இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம்.

பை. மேலே பை. அவள் கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், ஊசி போடுகிறவர்கள் வைத்திருக்க வேண்டும். கொட்டினேன். சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், மொய்க்கவர். தங்கச்சி வீட்டுக் கல்யாணம் தென்காசியில், அதற்காகப் புதுப் பை எடுத்தாள், பழைய பையும் மிட்டாயும் வீட்டில். பால்கோவா. கல்யாண வீட்டுக்கு வாங்கின பால்கோவா இருக்கிறது. சணல் கட்டு. எவன் இவ்வளவு இறுக்கிக் கட்டினான். நான்தான் கட்டினேன். பல்லால் இழுத்தேன். "என்ன சார், என்ன செய்யுது அம்மாவுக்கு?" "சுகர். இறங்கிட்டு. ஊசி போட்டுச் சாப்பிடல." "பால்கோவா வேணாம்யா, அது தொண்டையில போய் அடைச்சுக்கிடும், முழுங்க மாட்டாங்க" என்று தவசிமுத்து என் கையைத் தட்டிவிட்டார். இவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் பேசினவர் ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் சீட்டுக்கடியில் குனிந்து, மகள் வீட்டுக்கு வைத்திருந்த நன்னாரி சர்பத் பாட்டிலை இழுத்து, மூடியைக் கடித்துத் திருகினார். "ஊத்தாதீங்க. விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. எங்க மதினிக்கு அப்படித்தான் செஞ்சாக." ஈறு. டாக்டரம்மா அதையும் சொன்னார். சொல்லியிருப்பார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஊற்றினார், கறுப்பாக, பிசுபிசுவென்று. விரலைத் தோய்த்து அவள் உதட்டை விலக்கி உள்ளே விட்டேன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில். நாற்பது வருஷத்தில் இவள் வாயை நான் இப்படித் தொட்டதில்லை. பல் ஒன்று பின்னால் இல்லை, எப்போது எடுத்தாள். சொன்னாளா. தடவினேன். மறுபடி தோய்த்துத் தடவினேன். சர்பத் தாடையில் வழிகிறது, சேலையில் சொட்டுகிறது, பட்டுச் சேலை, போகட்டும். போர்த்தியிருந்த பொம்பளை வந்து அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிங்க ஐயா, இப்படி." பிடித்தேன். பெட்டியில் யாரோ, "செயினைப் பிடிச்சு இழுங்கப்பா" என்றான். எதை இழுக்க. நிற்கிற வண்டியை எவன் நிறுத்துவது. இழுத்தால் அதைச் சரிசெய்ய இன்னும் நேரம், சிக்னல் விழுந்தாலும் நகராது. "இழுக்காதே!" என்று கத்தினேன், அவன் கையை எடுத்துவிட்டான். "கார்டு வண்டிக்கு ஓடு, சங்கரன்கோயிலுக்குச் சொல்லச் சொல்லு, ஆம்புலன்ஸ் பிளாட்பாரத்துக்கே வரணும்" என்றேன். ஓடினான். சரளைக் கல் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே போனது.

முழுங்குளா. ஒரு தரம் முழுங்கு. தொண்டையைப் பார்க்கிறேன், அசையவில்லை. சிக்னலைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்க்கிறேன். நாலாவது தரமா, அஞ்சாவது தரமா, எண்ணவில்லை, எண்ணினது போதும். "இறங்குது சார், இறங்குது" என்கிறார் தவசிமுத்து. எங்கே இறங்குகிறது, எனக்குத் தெரியவில்லை, கண் மங்குகிறது, சர்பத் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாது. தோற்றேன் உலகு. எல்லா ஊரும் நான் தோற்றேன். ராஜபாளையமும் நீயே வைத்துக்கொள். ஜம்பர்தான் பெரிசு. வார்த்தை வேண்டாம், சத்தம் போதும், திட்டு, என்னைத் திட்டு, டப்பாவை நானே திறக்கிறேன், என் கையால் ஊட்டுகிறேன், எவன் பார்த்தாலும் சரி. எங்கேயோ தூரத்தில் ஹாரன். எதிர் வண்டி. வந்துவிட்டான். பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். நான் திரும்பவில்லை. அவள் வாய்க்குள் என் விரல். ஈறு சூடாக இருக்கிறது. முன்னால் இவ்வளவு சூடு இருந்ததா. நாக்கு நுனி, நகத்தை வந்து தொட்டுவிட்டுப் போயிற்று. நானாக நினைத்துக்கொண்டேனா. இல்லை, மறுபடி தொட்டது. சப்புகிறாள். தொண்டையில் ஒரு மேடு ஏறி இறங்கியது. "ஐயா, கண்ணைப் பாருங்க" என்றாள் அந்தப் பொம்பளை. திறந்திருந்தது. இந்தத் தரம் வழுக்கவில்லை. என் மேல் நின்றது. நான் யார் என்று தேடுகிற பார்வை. பிறகு, யார் என்று தெரிந்த பார்வை. புருவம் சுருங்கியது. கோபம். அப்படியே விரலைக் கடித்தாள். ஆத்திரத்தோடு கடித்தாள், எலும்புவரைக்கும். "ஐயோ சார், விரலை எடுங்க" என்கிறார் தவசிமுத்து. வலி உச்சிக்கு ஏறுகிறது. எடுக்கமாட்டேன். வலு இருக்கிறது. வலு வந்துவிட்டது. கடிளா. இன்னும் கடி.